பச்சை ரசம் ஆகிவிட்ட சாலட்: எங்கே பிழை, எப்படித் திருத்துவது

பினாங்கின் ஆயர் ஈத்தாமில் எங்கள் அடுக்குமாடியின் பொங்கல் விருந்துக்கு ஒரு முறை சாலட் செய்துவரும் பொறுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். காலை ஆறரைக்கே இலை, அன்னாசி, வெள்ளரி எல்லாவற்றையும் நறுக்கி, உப்பும் எலுமிச்சையும் எண்ணெயும் சேர்த்துப் பிரட்டி, பெரிய பாத்திரத்தில் மூடி வைத்துவிட்டேன். சாப்பாடு பன்னிரண்டரைக்கு. மூடியைத் திறந்ததும் மூன்றாம் மாடிப் பெரியம்மா கரண்டியை உள்ளே விட்டுத் தூக்கினார். வடிவதைச் சற்று நேரம் பார்த்தார். “இது என்ன, பச்சை ரசமா?” என்று கேட்டார்.

சிரிப்பு அடங்க வெகு நேரம் ஆயிற்று. அதற்குப் பிறகுதான் எது எதனால் கெடுகிறது என்று பார்த்துப் பார்த்துக் குறித்துவைக்கத் தொடங்கினேன். சாலட்டில் வரும் கோளாறுகளில் பாதிக்கு மேல் தண்ணீரால் வருபவை என்பது என் முடிவு. இலைக்குள் இருக்க வேண்டிய தண்ணீர் கிண்ணத்தின் அடியில் நிற்கும். வடிந்திருக்க வேண்டிய தண்ணீர் இலைமேல் ஒட்டிக்கொண்டிருக்கும். பினாங்கின் வெயிலும் புழுக்கமும் இதை இன்னும் விரைவுபடுத்திவிடும்.

சரியான முறையைக் கற்க வெகுதூரம் போக வேண்டாம். அசாம் லக்சா என்ற புளிப்பு மீன் குழம்பு நூடுல்ஸ் விற்கும் கடை முன்னால் ஐந்து நிமிடம் நின்றால் போதும். கிண்ணத்தின் மேலே விழுவதெல்லாம் என்ன? சாலட் இலை, வெள்ளரி, அன்னாசி, வெங்காயம், புதினா, புங்கா கந்தான் என்னும் இஞ்சி வகைப் பூ. இலையும் பழமும்தான்! அவற்றைக் கடைக்காரர் முன்கூட்டியே ஒன்றாகக் கலந்து வைப்பதில்லை. தனித்தனித் தட்டுகளில் காய்ந்த நிலையில் இருக்கும். ஆள் வந்து நின்ற பிறகுதான் இதில் ஒரு பிடி, அதில் ஒரு பிடி. நான் காலை ஆறரைக்குச் செய்த தவறு அங்கே நடக்க வழியே இல்லை.

எந்த அளவை வைத்துப் பேசுகிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான்கு பேருக்கு: சாலட் இலை 200 கிராம், அன்னாசி 250 கிராம், ஒரு வெள்ளரி, ஒரு கொய்யா அல்லது பச்சை ஆப்பிள், கைப்பிடிச் செங்குவாங் (பச்சையாகவே தின்னும் கிழங்கு), கொஞ்சம் புதினா, மூன்று மேசைக்கரண்டி வறுத்த கடலை. மேலே ஊற்றும் டிரெஸ்ஸிங்குக்கு எண்ணெய் மூன்று மேசைக்கரண்டி, கஸ்தூரி எலுமிச்சைச் சாறு ஒரு மேசைக்கரண்டி, கடுகு விழுது அரைத் தேக்கரண்டி, தேன் அல்லது தூளாக்கிய குலா மெலாக்கா (தென்னை வெல்லம்) ஒரு தேக்கரண்டி, உப்பு கால் தேக்கரண்டி. எல்லாம் கையருகில் இருந்தால் கால் மணி நேர வேலை. இனி, உங்கள் கிண்ணத்தில் என்ன தெரிகிறதோ அந்த இடத்துக்குப் போங்கள்.

கிண்ணத்தின் அடியில் தண்ணீர் நிற்கிறது

எதையும் கொட்டிவிடாதீர்கள். கிண்ணத்தைச் சாய்த்து அந்தத் தண்ணீரை ஒரு கரண்டியில் எடுத்து நாக்கில் வையுங்கள். காரணத்தை அதுவே சொல்லும்.

சுவையே இல்லாமல், தெளிவாக, மேலே எண்ணெய்த் துளிகள் மிதந்தால் அது குழாய்த் தண்ணீர். கழுவிய இலையை நீங்கள் உலர்த்தவில்லை. சல்லடையில் கொட்டி வைத்தால் வடிந்துவிடும் என்று நினைக்கிறோம். இலைகள் ஒன்றின்மேல் ஒன்று கிண்ணம்போல் குழிந்து நிற்பதால் ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு மடக்குத் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. சுழற்றி நீர் வடிக்கும் பிளாஸ்டிக் கூடை இருந்தால் நல்லது. என்னிடம் இருப்பது பழைய பருத்தித் துண்டு. இலையை அதில் கொட்டி, நான்கு முனையையும் சேர்த்துப் பிடித்து, நடைபாதையில் நின்று கையை வீசிப் பத்துச் சுற்றுச் சுற்றுவேன். எதிர்வீட்டு அங்கிள் சட்டை நனைந்த நாளும் உண்டு. இலை தொட்டால் குளிர்ச்சியாக இருக்கலாம், ஈரமாக இருக்கக் கூடாது.

கரண்டித் தண்ணீர் இனித்தால் அது பழச்சாறு. மிகவும் பழுத்த அன்னாசி, சாறு நிறைந்த மாம்பழம், தர்பூசணி ஆகிய மூன்றும்தான் பெரும்பாலும் காரணம். நறுக்கிய பழத்தைச் சல்லடையில் பத்து நிமிடம் வைத்து, வடிந்த சாற்றைத் தனியே பிடித்துக்கொள்ளுங்கள். அந்தச் சாற்றில் இரண்டு கரண்டியை டிரெஸ்ஸிங்கில் சேர்த்தால் தேன் தேவைப்படாது. தர்பூசணியை இலையோடு சேர்ப்பதை நான் விட்டுவிட்டேன். பத்தில் ஒன்பது பங்கு தண்ணீராக உள்ள பழம் அது. அதைத் தனித் தட்டில் வைத்தால் அதற்கும் மரியாதை, சாலட்டுக்கும் மரியாதை.

உப்புக் கரித்தால் வெள்ளரியும் தக்காளியும் அழுதிருக்கின்றன. உப்பு, காயின் உள்ளே இருக்கும் நீரை வெளியே இழுக்கும். ஊறுகாய்க்கு மாங்காயை உப்பில் பிசிறி வைத்தால் மறுநாள் ஜாடியில் நீர் நிற்பதும் இதே கணக்குத்தான். அழுவது உறுதி என்றால் கிண்ணத்துக்கு வெளியிலேயே அழவைத்துவிடலாம். நறுக்கிய வெள்ளரியில் ஒரு சிட்டிகை உப்பைத் தூவிக் கால் மணி நேரம் வைத்து, பிழிந்து, பிறகு சேருங்கள். அப்போது டிரெஸ்ஸிங்கில் உப்பைக் குறைத்துவிட வேண்டும். தக்காளியின் விதைக் கூழை வழித்தெடுத்தால் போதும். செங்குவாங் இந்தத் தொல்லையெல்லாம் தராது. மணிக்கணக்கில் மொறுமொறுப்பாகவே நிற்கும். ரோஜாக் என்னும் பழக் கலவை விற்கும் கடையில் அதற்கு நிரந்தர இடம் கிடைத்திருப்பது காரணமில்லாமல் இல்லை.

புளிப்பும் எண்ணெயுமாக, கலங்கலாக இருந்தால் டிரெஸ்ஸிங்கையே அதிகமாக ஊற்றிவிட்டீர்கள். 200 கிராம் இலைக்கு நான்கு மேசைக்கரண்டிக்கு மேல் வேண்டாம். கொஞ்சமாகத் தெரியும். கரண்டியை ஒதுக்கிவிட்டுக் கையால் அடியிலிருந்து புரட்டினால் எல்லா இலைக்கும் எட்டிவிடும்.

விருந்தினர் வாசலில் நிற்கிறார்கள், கிண்ணத்தில் குளம் என்றால்: வடித்துவிட்டு, நறுக்கிய செங்குவாங் ஒரு பிடியும் வறுத்த கடலை ஒரு பிடியும் புதிய இலை கொஞ்சமும் போட்டுப் புரட்டி, உடனே பரிமாறுங்கள். அரை மணி நேரம் தாங்கும்.

இலை துவண்டு, துணிபோல் தொங்குகிறது

டிரெஸ்ஸிங் ஊற்றுவதற்கு முன்பே துவண்டதா, பின்பா? இரண்டுக்கும் ஒரே மருந்து கிடையாது.

முன்பே துவண்டிருந்தால் இலைக்குத் தாகம், அவ்வளவுதான். கேமரன் மலையில் பறித்த இலை லாரியில் இறங்கி, சந்தையில் விடிய விடியக் காத்திருந்து, உங்கள் மோட்டார் சைக்கிள் கூடையில் வெயிலில் வந்து சேர்ந்திருக்கிறது. அடித்தண்டில் மெல்லியதாக ஒரு வட்டம் சீவிவிட்டு, ஐஸ் போட்ட தண்ணீரில் இருபது நிமிடம் மூழ்க வையுங்கள். இலையின் அறைகளுக்குள் நீர் மீண்டும் ஏறி விறைப்பு திரும்பும். நடு நரம்பை வளைத்துப் பாருங்கள். ‘டக்’ என்று முறிந்தால் தயார். முறியாமல் மடங்கினால் இன்னும் பத்து நிமிடம். வல்லாரைக்கும் புதினாவுக்கும் இதே சிகிச்சை பலிக்கும்.

டிரெஸ்ஸிங் பட்ட பிறகு துவண்டது என்றால் அது திரும்பாது. இங்கே பலரும் எலுமிச்சையைத்தான் குற்றம் சொல்கிறார்கள். முதலில் எண்ணெயைப் பூசிவிட்டால் இலைக்குக் காப்பு என்றும் சிலர் சொல்வார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன். ஒரு தட்டில் இரண்டு இலையை வைத்து, ஒன்றின்மேல் எண்ணெய் நான்கு சொட்டு, மற்றதன்மேல் கஸ்தூரி எலுமிச்சை நான்கு சொட்டு விட்டு அரை மணி நேரம் கழித்துப் பாருங்கள். எலுமிச்சை முத்து முத்தாக மேலேயே உருளும். எண்ணெய் பட்ட இடமோ கரும்பச்சையாகி, கண்ணாடிபோல் ஊடுருவித் தெரியும். இலையின் மேல்தோல் மெழுகுப் பூச்சு. தண்ணீரை அது விலக்கும். எண்ணெய்க்கு வழி விட்டுவிடும். ஆகவே எண்ணெயைத் தனியாக ஊற்றாதீர்கள். சாற்றோடு நன்றாகக் குலுக்கிக் கூழ்போல் ஆக்கி, பரிமாறும் நேரத்தில் ஊற்றுங்கள்.

மூன்றாவது வகையும் ஒன்று உண்டு. குளிர்பெட்டியிலிருந்து எடுக்கும்போதே இலையில் நீர்க்கோத்தது போன்ற கரும்புள்ளிகள், தொட்டால் கூழ். பெட்டியின் பின்சுவரை ஒட்டி வைத்ததால் உறைந்து உருகிய இலை அது. சாலட்டுக்கு உதவாது. பூண்டு தட்டிப் போட்டு வதக்கிவிடுங்கள்.

கசக்கிறது

எல்லாவற்றையும் கலந்த பிறகு கசப்பு எங்கிருந்து வந்தது என்று தேடுவது வைக்கோற்போரில் ஊசி தேடும் வேலை. அதனால் ஒவ்வொன்றையும் தனித்தனியாக ஒரு துண்டு கடித்துப் பாருங்கள், வெள்ளரியிலிருந்து தொடங்கி.

வெள்ளரியின் கசப்பு பெரும்பாலும் காம்புப் பக்கத்திலும் தோலின் அடியிலும் தங்கும். முனையை வெட்டி, வெட்டிய துண்டாலேயே தேய்த்து நுரையெடுத்தால் கசப்பு போய்விடும் என்று என் பாட்டி சாதிப்பார். தேய்ப்பதைக் காட்டிலும் வெட்டுவதில்தான் பலன் இருக்கிறது என்பது என் கட்சி. காம்புப் பக்கம் இரண்டு விரற்கடை தாராளமாக நீக்கி, தோலையும் சீவுங்கள். அப்போதும் நாக்கைச் சுருட்டும் அளவுக்குக் கசந்தால் அந்தக் காயையே ஒதுக்குங்கள். கடுமையாகக் கசக்கும் வெள்ளரி வயிற்றையும் கலக்கிவிடும்.

இலை கசந்தால் அது முற்றிய இலை, அல்லது வெயிலில் வாடி வளர்ந்தது. சாலட் இலை குளிர் நிலத்துப் பயிர். வெப்பத்தில் பூவெடுக்க முனையும்போது அதன் பால் கசந்துவிடும். அடித்தண்டை வெட்டினால் வெள்ளைப் பால் கசிகிறதே, அதுதான். வாங்கும்போதே தண்டு நீண்டு மேலே எழும்பியிருக்கிறதா என்று பாருங்கள். வாங்கிவந்துவிட்டால் வெளி இலைகளையும் தடித்த நடு நரம்பையும் நீக்குங்கள். அதற்கு மேல் உப்புதான் கை கொடுக்கும். கசப்பை அடக்குவதில் சர்க்கரையைவிடச் சிட்டிகை உப்பு கெட்டிக்காரத்தனம் காட்டும்.

வல்லாரை கசந்தால் அது கோளாறு அல்ல. வல்லாரை அப்படித்தான் இருக்கும். மலாய்க்காரர்கள் அதையும் உலாம் ராஜாக் கீரையையும் சம்பலோடு பச்சையாகவே சாப்பிடுகிறார்கள். தனியாகத் தின்றால் முகம் சுளிக்கலாம், இனிப்பான மாம்பழமும் அன்னாசியும் துணைக்கு வந்தால் அந்தக் கசப்புதான் சாலட்டின் உயிர். நான்கில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்னாசி நாக்கை அரிக்கிறது. தயிர் சேர்த்தால் கசந்து நீர்க்கிறது

இரண்டும் ஒரே ஆளின் வேலை. அன்னாசியில் புரோமிலைன் என்ற நொதி இருக்கிறது. புரதத்தைச் சிதைப்பது அதன் தொழில். நாக்கின் மென்தோலும் புரதம், தயிரும் புரதம். இறைச்சியை மெத்தென்று ஆக்க அன்னாசிச் சாற்றில் ஊறவைக்கிறார்களே, அதே வேலையை உங்கள் வாயிலும் அது பார்க்கிறது.

கண்களைச் சரிவாக, திருகாணிபோல் வெட்டி நீக்குங்கள். சந்தையில் அன்னாசி சீவும் அண்ணன் மூன்று நிமிடத்தில் செய்வதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம், பழத்தின் சதை துளியும் வீணாகாது. நடுத்தண்டையும் எடுத்துவிடுங்கள். நறுக்கிய துண்டுகளை உப்புத் தண்ணீரில் பத்து நிமிடம் போட்டு எடுத்தால் அரிப்பு தணியும், இனிப்பும் தூக்கலாகத் தெரியும். நன்கு பழுத்ததாக வாங்குவதும் உதவும்.

தயிர் விஷயத்தில் உப்புத் தண்ணீரெல்லாம் செல்லாது. அன்னாசியும் தயிரும் சேர்ந்து சற்று நேரம் நின்றால் தயிர்ப் புரதம் உடைந்து, கசப்புச் சுவை வந்தே தீரும். அன்னாசிப் பச்சடி செய்யும் வீடுகளில் பழத்தை வேகவைத்து ஆறவிட்ட பிறகே தயிர் ஊற்றுவார்கள். சூட்டில் அந்த நொதி செத்துவிடும். காரணத்தைப் பெயர் சொல்லிக் கூறத் தெரியாதவர்களும் வழியைச் சரியாகப் பிடித்துவைத்திருக்கிறார்கள். ஆகவே தயிர் டிரெஸ்ஸிங் வேண்டுமென்றால் அன்னாசியை வாணலியில் புரட்டி வேகவிட்டு ஆறவையுங்கள், அல்லது டின் அன்னாசியைப் போடுங்கள். பச்சைப் பப்பாளியும் கிவியும் இதே குணம் கொண்டவை. மாம்பழம், கொய்யா, ஆப்பிளோடு தயிருக்குச் சண்டை இல்லை.

பழுப்பு நிறம்

எங்கே பழுப்பு என்று பாருங்கள். ஆப்பிளின் வெட்டுப்பக்கம் என்றால் காற்றுப் பட்டதால். கஸ்தூரி எலுமிச்சையைப் பிழிந்து உடனே புரட்டுங்கள். புளிப்பு வேண்டாம் என்றால் ஒரு கோப்பைத் தண்ணீரில் கால் தேக்கரண்டி உப்பைக் கரைத்து ஐந்து நிமிடம் போட்டு அலசி எடுங்கள். செங்குவாங்கை அப்படியே விட்டுவிடலாம்.

இலையின் ஓரம் பழுத்திருந்தால் கத்தி மழுங்கல். மழுங்கிய கத்தி இலையை வெட்டுவதில்லை, நசுக்குகிறது. கையால் கிழிப்பது நல்ல வழி. புதினாவைக் கடைசியாகத்தான் கிள்ள வேண்டும், ஈரக் கத்தி பட்டால் கறுத்துவிடும்.

வெட்டாத இலையின் நடு நரம்பில் துருப் பிடித்தாற்போல் சின்னச் சின்னப் புள்ளிகள் இருக்கின்றனவா? குளிர்பெட்டியில் அதற்குப் பக்கத்தில் ஆப்பிளோ பழுத்த பப்பாளியோ இருந்திருக்கும். பழுக்கும் பழங்கள் எத்திலீன் வாயுவை விடும். அது இலைக்கு ஆகாது. பழத்துக்கு ஓர் அறை, இலைக்கு ஓர் அறை. டுரியான் காலத்தில் இலைக்கு மூடியிட்ட டப்பாவும் வேண்டும், அது ஏன் என்று பினாங்குக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

டிரெஸ்ஸிங் இலையில் ஒட்டாமல் வழிகிறது, பிரிந்து நிற்கிறது

ஒட்டவில்லை என்றால் இலை ஈரமாக இருக்கிறது. பருத்தித் துண்டுக்குத் திரும்புங்கள்.

பிரிகிறது என்றால் எண்ணெயையும் சாற்றையும் சேர்த்து வைக்கும் தரகர் யாரும் இல்லை. அந்தத் தரகுதான் கடுகு விழுதின் வேலை. சின்னப் பாட்டிலில் எல்லாவற்றையும் ஊற்றி மூடி இருபது எண்ணும்வரை குலுக்குங்கள். கடுகு பிடிக்காதவர்கள் ஒரு கரண்டி அரைத்த கடலை விழுதைச் சேர்க்கலாம், ரோஜாக் பக்கம் கொஞ்சம் சாயும்.

குளிர்ந்த இலைமேல் வெள்ளை வெள்ளையாகப் பொடி படிந்திருந்தால் பூஞ்சை என்று பதற வேண்டாம். தேங்காய் எண்ணெய் ஊற்றியிருப்பீர்கள். சுமார் 24 டிகிரிக்குக் கீழே அது உறைந்துவிடும். மேசைமேல் எண்ணெயாக இருந்தது, ஐஸில் ஊறிய இலையைத் தொட்டதும் மெழுகாகிறது. ஐந்து நிமிடம் வெளியே வைத்தால் கரையும். அடுத்த முறை கடலை எண்ணெய்க்கு மாறுங்கள்.

சாலட் முழுவதும் வறுத்த எள் வாடை தூக்கி அடிக்கிறதா? நல்லெண்ணெய் என்று நினைத்துச் சீனக் கடையின் எள்ளெண்ணெயை ஊற்றிவிட்டீர்கள். இரண்டும் எள்தான். அது வறுத்த எள்ளில் எடுத்தது, வாசனைக்காகச் சொட்டுச் சொட்டாக விடுவது. நான் ஒரு முறை மூன்று மேசைக்கரண்டி ஊற்றினேன். வீட்டுப் பூனைகூடத் தும்மியது. மீட்க வேண்டுமென்றால் இலையையும் பழத்தையும் இரட்டிப்பாக்குவதுதான் வழி, கூட நான்கு பேரையும் அழைத்துவிடுங்கள்.

சப்பென்று இருக்கிறது, அல்லது புளிப்பு மட்டும் தெரிகிறது

சப்பென்றால் முதலில் உப்பு, பிறகு புளிப்பு, கடைசியாகத்தான் இனிப்பு. நம் கை முதலில் தேன் பாட்டிலுக்குப் போகும், தடுத்துவிடுங்கள். கொய்யாவுக்குத் தூவும் அசாம் போய்த் தூளை (உப்பிட்டு உலர்த்திய பிளம் பழத்தூள்) அரைத் தேக்கரண்டி சேர்த்துப் பாருங்கள். உப்பு, புளிப்பு, இனிப்பு மூன்றும் ஒரே சிட்டிகையில் வந்துவிடும். அதோடு கீறிய பச்சை மிளகாய் ஒன்று. மேல்நாட்டுச் சாலட்டில் என் நாக்கு தேடித் தேடிக் காணாமல் போனது இந்த ஒரு மிளகாயைத்தான்.

புளிப்பு மிகுந்தால் அன்னாசியின் புளிப்பைக் கணக்கில் சேர்க்காமல் எலுமிச்சையைப் பிழிந்திருக்கிறீர்கள். பழத்தைச் சுவைத்துவிட்டுப் பிறகு பிழிவதே முறை. ஏப்ரல் முதல் ஜூன் வரை பெர்லிஸின் ஹருமானிஸ் மாம்பழம் வரும் காலத்தில் புளிப்பைத் தாராளமாகவே சேர்க்கலாம்.

பல்லில் மணல்

குழாயடியில் காட்டினால் மணல் போகாது. அகலப் பாத்திரம் நிறையத் தண்ணீரில் இலையைப் பிரித்துப் போட்டு அலசி, இரண்டு நிமிடம் அசையாமல் விடுங்கள். மணல் அடியில் தங்கும். பிறகு இலையை மேலே தூக்கி எடுக்க வேண்டும். பாத்திரத்தைச் சல்லடையில் கவிழ்த்தால் கீழே தங்கிய மணலை மறுபடியும் இலைமேலேயே கொட்டுகிறோம். அடியில் ஒன்றும் தெரியாதவரை இப்படியே மாற்றி மாற்றி அலசிவிட்டு, கடைசியாக ஒருமுறை ஓடும் நீரில் காட்டுங்கள். உப்புத் தண்ணீரில் போட்டால் சின்னப் பூச்சிகளும் நத்தைக் குஞ்சுகளும் பிடியை விடும், ஆனால் கிருமியெல்லாம் செத்துவிட்டது என்று அதை நம்பிவிடக் கூடாது. கோழி வெட்டிய பலகையில் இலையை வெட்டாமல் இருப்பது அதைவிடப் பெரிய காப்பு.

கீரை இலையைப் பச்சையாகப் போட்டுப் பல் கூசினால் மணல் அல்ல, அதிலுள்ள ஆக்சாலிக் அமிலம். அந்தக் கீரையைப் பொரியலுக்கு விட்டுவிடுங்கள்.

சில்லறைத் தொல்லைகள்

எல்லாம் சிவந்துபோனது: சிவப்பு டிராகன் பழம் சாயம் விடும். புரட்டி முடித்த பிறகு மேலே அடுக்குங்கள், கலக்காதீர்கள்.

கடலை நமத்துவிட்டது: நம் காற்றே ஈரம். வாணலியில் மறுபடி சூடாக்கி, முழுக்க ஆறியபின், பரிமாறும் கணத்தில் தூவுங்கள்.

பழமெல்லாம் அடியில், இலையெல்லாம் மேலே: பழத் துண்டுகள் மிகச் சிறியவை. அகலமாகவும் மெல்லியதாகவும் சீவினால் இலை தாங்கிக்கொள்ளும்.

வெங்காயம் நெடுநேரம் வாயிலேயே நிற்கிறது: நறுக்கி ஐஸ் தண்ணீரில் பத்து நிமிடம்.

அலுவலகத்துக்குக் கொண்டுபோனேன், மதியம் ஒரு மாதிரி வாடை

காரில் வைத்துவிட்டீர்களா? நறுக்கிய பழத்தையும் இலையையும் வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்பது பொதுவான உணவுப் பாதுகாப்பு விதி. வெப்பம் 32 டிகிரியைத் தாண்டினால் அது ஒரு மணி நேரமாகச் சுருங்கும். பினாங்கில் நண்பகல் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். வழவழப்பு, புளித்த வாடை, நுரை எது இருந்தாலும் குப்பைக்குத்தான், கழுவிக் காப்பாற்ற முயலாதீர்கள். வாடை இல்லை என்பதற்காகப் பாதுகாப்பானது என்றும் அர்த்தமில்லை.

எடுத்துப்போகும் முறை: உயரமான டப்பாவில் டிரெஸ்ஸிங் அடியில், அதன்மேல் செங்குவாங்கும் வெள்ளரியும், பிறகு பழம், உச்சியில் காய்ந்த இலை. ஐஸ் கட்டியோடு பையில் போட்டு, போனதும் அலுவலகக் குளிர்பெட்டியில் வையுங்கள். சாப்பிடும்போது கிண்ணத்தில் கவிழ்த்தால் டிரெஸ்ஸிங் தானாகவே மேலிருந்து இறங்கும்.

சாலட் நன்றாக இருக்கிறது, சாப்பிடுபவருக்கு ஆகவில்லை

இதை மட்டும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நட்சத்திரமாக அடுக்க அழகாக இருக்கிறதென்று பலரும் நட்சத்திரப் பழத்தை, அதாவது நம் சந்தையின் பெலிம்பிங் பழத்தைச் சீவிப் போடுகிறார்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அது கூடவே கூடாது. அதில் உள்ள காரம்பாக்சின் என்ற நச்சைப் பழுதுபட்ட சிறுநீரகத்தால் வெளியேற்ற முடிவதில்லை. விடாத விக்கல், குழப்பம், வலிப்பு என்று போய் உயிருக்கே ஆபத்தாகும். நம் வீடுகளில் சர்க்கரை நோயும் அதன் பின்னாலேயே வரும் சிறுநீரகத் தொல்லையும் புதிதல்ல. பத்துப் பேர் கூடும் விருந்தில் யாருக்கு என்ன இருக்கிறது என்று நமக்குத் தெரியாது. ஆகவே பொதுக் கிண்ணத்தில் நான் அந்தப் பழத்தைச் சேர்ப்பதே இல்லை. சாப்பிட்டுவிட்டு விக்கல் நிற்கவில்லை என்றால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ஈப்போ பக்கத்துத் தம்புன் பொமெலோ சாலட்டுக்கு அருமையான பழம், சுளை உதிர்ந்து முத்து முத்தாக நிற்கும். ஆனால் கொழுப்புக்கும் இரத்த அழுத்தத்துக்கும் சாப்பிடும் சில மாத்திரைகளோடு அது மோதும். இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவர்கள் பச்சை இலையைத் திடீரென்று கூட்டவோ குறைக்கவோ கூடாது. இரண்டுக்கும் மருந்தகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு மணி நேரத்தில் மறுபடி பசிக்கிறது

இலையும் பழமும் மட்டும் என்றால் பசிக்கத்தான் செய்யும். நம் சுகாதார அமைச்சு சொல்லும் தட்டில்கூடக் காயும் பழமும் சேர்ந்து பாதிதான். மிச்சத்தில் கால் பங்கு சோறு வகை, கால் பங்கு மீன், முட்டை, பருப்பு வகை. அவித்த கொண்டைக்கடலை ஒரு கோப்பை, அல்லது இரண்டு முட்டை, அல்லது பொரித்த தெம்பே (நொதிக்கவைத்த சோயாக் கட்டி). தைப்பூச விரத நாளில் என் கை தெம்பேக்குத்தான் போகும்.

மீந்துவிட்டது

டிரெஸ்ஸிங் பட்டது மறுநாளுக்கு நில்லாது. படாத இலையைக் காய்ந்த துணியில் சுற்றி டப்பாவில் வைத்தால் இரண்டு மூன்று நாள் தாங்கும். படாத அன்னாசித் துண்டுகளை மசித்து, தக்காளி, மிளகு, சீரகம், பூண்டு தட்டிப் போட்டு, வெந்த துவரம்பருப்புத் தண்ணீர் ஊற்றி நுரை கட்டியதும் இறக்கி, நெய்யில் கடுகு தாளியுங்கள். அடுத்த பொங்கல் விருந்துக்கு நான் இதைத்தான் கொண்டுபோனேன். மூன்றாம் மாடிப் பெரியம்மா கரண்டியை உள்ளே விட்டு, தூக்கி, வடியவிட்டுப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் இரண்டாவது டம்ளரை நீட்டினார்.